எட்டாவது வாரம்

நாய்க்குட்டி எந்த வயதில் மிக அழகு? விளையாட்டாகக் கேட்பதுபோல இருக்கும். ஆனால் நாய்களின் நடத்தையை ஆராய்பவரான கிளைவ் வின் தன் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து இதை முறையாகவே சோதித்தார். ஜாக் ரஸ்ஸல், கேன் கோர்சோ, வொயிட் ஷெப்பர்ட் ஆகிய மூன்று இனக் குட்டிகளைப் பிறந்த நாட்களிலிருந்து மாதக்கணக்கில் எடுத்த படங்கள் 51 பேரிடம் காட்டப்பட்டன. எந்தப் படம் எவ்வளவு மனதை இழுக்கிறது என்று அவர்கள் மதிப்பெண் போட்டார்கள். பிறந்த புதிதில் குறைவாக இருந்த மதிப்பெண் வாரத்துக்கு வாரம் ஏறியது. கேன் கோர்சோ 6.3 வாரத்திலும், ஜாக் ரஸ்ஸல் 7.7 வாரத்திலும், வொயிட் ஷெப்பர்ட் 8.3 வாரத்திலும் உச்சத்தைத் தொட்டன. அதன் பிறகு இறக்கம்தான். 2018-இல் இந்த முடிவு வெளியானது.

ஏறக்குறைய அதே வாரங்களில்தான் தாய்நாய் பால் மறக்கடிக்கிறது. மடிக்கு ஓடிவரும் குட்டியைப் பார்த்து உறுமுகிறது, எழுந்து போய்விடுகிறது. தாய் விலகும் வயதும் மனிதருக்கு அள்ளிக்கொள்ளத் தோன்றும் வயதும் ஒன்றாக அமைந்திருக்கின்றன. மனிதரை அண்டி வாழ்ந்த ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நாயின் உடலே கண்டுகொண்ட ஏற்பாடு இது என்று வின் கருதுகிறார். தெருவில் பிறக்கும் குட்டிக்கு இது அழகுப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை. கொல்கத்தா ஐசர் நிறுவனத்தில் தெருநாய்களை ஆராயும் அனிந்திதா பத்ராவின் குழு மேற்கு வங்கத்தில் 364 குட்டிகளை ஐந்தாண்டுக் காலத்தில் கணக்கெடுத்தது. ஏழாவது மாதத்தை எட்டியவை 19 சதவீதம் மட்டுமே. இறப்புகளில் 63 சதவீதத்துக்கு ஏதோ ஒரு வகையில் மனிதரே காரணம்.

அப்படிப்பட்ட வயதில் ஒரு குட்டி நம் வீட்டு வாசற்படி ஏறுகிறது. ஒரே வாரத்தில் புகார்ப் பட்டியல் தயாராகிவிடும். ராத்திரி முழுக்க அழுகிறது, கண்ட இடத்தில் போகிறது, காலைக் கடிக்கிறது, செருப்பைக் குதறுகிறது, சொன்ன பேச்சு கேட்பதில்லை. இந்தப் பட்டியலில் இருக்கிற ஒவ்வொன்றும் குட்டியின் உடம்பில் ஓடும் நாள்கணக்கின்படி, அந்தந்த வயதில் நடக்க வேண்டியபடி நடப்பது. அடம், கெட்ட புத்தி என்றெல்லாம் நாம் வைக்கும் பெயர்களுக்கு அங்கே இடமே இல்லை. அந்த நாள்கணக்கைத் தெரிந்துகொண்டவருக்குக் கை ஓங்கத் தோன்றாது என்பது என் உறுதியான நம்பிக்கை.

கடியிலிருந்தே தொடங்கலாம். முதல் அடிபடுவது அதற்குத்தான்.

மூன்றாவது வாரத்தில் குட்டிக்குப் பால் பற்கள் முளைக்கத் தொடங்குகின்றன. இரண்டு மாதத்துக்குள் 28 பற்களும் வந்துவிடும். குட்டியைப் பிடித்து உதட்டை மெல்ல விலக்கிப் பாருங்கள். கோரைப் பல் நம் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது, நுனி ஊசி. தாடையிலோ பலமே இல்லை. எலும்பை உடைக்க இது உதவாது, ஆனால் உடன்பிறந்த குட்டியின் காதைக் கவ்வினால் அது 'கீ' என்று கத்தி விளையாட்டை நிறுத்திவிட்டுப் போகும். கடித்த குட்டிக்கு விளையாட்டு போய்விட்டது. மறுமுறை கொஞ்சம் மெதுவாகக் கவ்வுகிறது. ஒரு நாளில் இது எத்தனையோ தடவை நடக்கிறது. வாயில் எவ்வளவு அழுத்தம் கொடுக்கலாம் என்ற அளவு இப்படித்தான் படிகிறது. அசல் பற்களும் தாடை பலமும் வருவதற்கு முன்பே இந்தப் பாடம் முடிந்தாக வேண்டும். 1980-களில் அமெரிக்காவில் குட்டிகளுக்கென்றே வகுப்புகளைத் தொடங்கிப் பரப்பிய கால்நடை மருத்துவர் இயன் டன்பார், மற்ற எல்லாப் பயிற்சியையும்விட இதையே முதலில் வைத்தார்.

நம் ஊரில் 'முப்பது நாள் குட்டி, இப்பவே எடுத்துட்டுப் போனாத்தான் உங்ககிட்ட ஒட்டும்' என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. அந்தப் பேச்சை நம்பக் கூடாது. 2011-இல் வெளியான ஓர் ஆய்வு 140 நாய்களை எடுத்துக்கொண்டது. பாதி நாய்கள் 30 முதல் 40 நாளுக்குள் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டவை, மறுபாதி இரண்டு மாதம் கூடவே இருந்தவை. சீக்கிரம் பிரிந்தவற்றிடம் ஓயாத குரைப்பு, பயம், பொருட்களைக் குதறுவது, தீனியையும் பொம்மையையும் விட்டுக்கொடுக்காத குணம் எல்லாமே அதிகமாக இருந்தன. உடன்பிறந்தவற்றோடு கழிக்க வேண்டிய அந்த மூன்று நான்கு வாரங்களை நாம் பிடுங்கிக்கொண்டால், அந்தப் பாடத்தை நம் கையும் காலும்தான் நடத்த வேண்டியிருக்கும். இந்தியாவில் நாய் வளர்த்து விற்பதற்கான 2017 விதிகளும் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கத் தடை விதித்திருக்கின்றன.

சரி, குட்டி இப்போது வீட்டில் இருக்கிறது, புடவைத் தலைப்பில் தொங்குகிறது. என்ன செய்வது? தலைப்பை வெடுக்கென்று இழுத்தால் அது ஓடுகிற இரை. இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். அப்படியே நின்றுவிடுங்கள். அசையாத துணியில் சுவாரசியம் சீக்கிரம் வற்றிவிடும். வாயை விட்டதும் ஒரு கயிற்றையோ பொம்மையையோ அதன் முன் ஆட்டுங்கள். கையைக் கடித்தால் பேசாமல் எழுந்து பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அரை நிமிடம் கழித்து வாருங்கள். உடன்பிறந்த குட்டி சொல்லிக்கொடுத்த அதே பாடம். மூக்கில் தட்டுவதும் தாடையைப் பிடித்து அழுத்துவதும் சில குட்டிகளுக்கு இன்னொரு விளையாட்டு, சிலவற்றுக்கு மனிதக் கை என்றாலே பயம். இன்னொன்றையும் கவனியுங்கள். குட்டி ஒரு நாளில் 18 மணி நேரத்துக்கு மேல் தூங்க வேண்டிய வயது இது. சாயங்காலம் விருந்தாளிகள் வந்து, பிள்ளைகள் மாறி மாறித் தூக்கி விளையாடிய பிறகு அது வெறிபிடித்ததுபோல ஓடிக் கடிக்கிறதென்றால், பெரும்பாலும் அதற்குத் தேவை தூக்கம். இருட்டான மூலையில் விட்டால் ஐந்து நிமிடத்தில் சுருண்டுவிடும்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லியாக வேண்டும். தெருவிலிருந்து எடுத்து வந்த, தடுப்பூசி போடாத குட்டியின் பல் தோலைக் கீறிவிட்டால் 'குட்டிதானே' என்று இருந்துவிடக் கூடாது. குழாயைத் திறந்துவிட்டு ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போய்விட வேண்டும். வெறிநோய் வந்த பிறகு காப்பாற்ற மருந்து கிடையாது. குட்டிக்கு மூன்று மாதத்தில் அதற்கான ஊசியைத் தவறாமல் போட்டுவிடுங்கள்.

அடுத்தது ராத்திரி அழுகை. 'ரெண்டு நாள் கத்தட்டும், தானா அடங்கிடும்' என்று வராந்தாவில் கட்டிப்போடுவது பல வீடுகளில் வழக்கம். யாக் பாங்க்செப் என்ற நரம்பியல் அறிஞர் 1970-களில் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் தாயைப் பிரிந்த குட்டிகளின் அழுகையை ஆராய்ந்தார். மிகச் சிறிய அளவு, தூங்கவைக்கக்கூடப் போதாத அளவு மார்ஃபின் கொடுத்ததும் அழுகை குறைந்தது. மார்ஃபின் வலிக்கான மருந்து. அடிபட்ட வலியைத் தணிக்கும் அதே வேதிப்பொருள் பிரிவின் அழுகையையும் தணிக்கிறது என்றால், இரண்டும் மூளைக்குள் ஒரே பாதையை ஓரளவு பகிர்ந்துகொள்கின்றன என்று அவர் முடிவுக்கு வந்தார். பிரிவை வலி என்று பல மொழிகளில் சொல்கிறோமே, அதற்கு உடம்பில் ஆதாரம் இருப்பதை ஒரு நாய்க்குட்டியின் குரல் காட்டிக்கொடுத்தது.

அதனால் முதல் சில வாரம் குட்டியை நம் படுக்கைக்குப் பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டியிலோ கூடையிலோ படுக்க வையுங்கள். தாயின் வாசம் ஏறிய துணி ஒன்றைப் பிறந்த இடத்திலிருந்தே வாங்கி வந்தால் இன்னும் நல்லது. முனகினால் கையைத் தொங்கவிட்டால் போதும். இப்படிச் செய்தால் செல்லம் கொடுத்துக் கெடுப்பதாகும் என்ற பயம் வேண்டாம். அமைதியாகத் தூங்கப் பழகிய பிறகு பெட்டியை நாளுக்கு ஓர் அடி நகர்த்திக் கூடத்துக்குக் கொண்டுபோய்விடலாம். பக்கத்தில் இருப்பதில் இன்னொரு வசதியும் உண்டு. நடுராத்திரி அது எழுந்து மோப்பம் பிடித்துச் சுற்றத் தொடங்குவது நம் காதில் விழும். அழுகைக்குப் பாதிக் காரணம் சிறுநீர் முட்டுவதாகவும் இருக்கும்.

குட்டியின் சிறுநீர்ப்பை வளர்ந்து வரும் விதம் ஆச்சரியமானது. பிறந்த முதல் இரண்டு மூன்று வாரம் குட்டியால் தானாகச் சிறுநீர்கூடக் கழிக்க முடியாது. தாய் அடிவயிற்றை நக்கினால்தான் வரும். வந்ததைத் தாயே நக்கிச் சுத்தம் செய்துவிடும். அதனால்தான் அத்தனை குட்டிகள் கிடக்கும் இடமும் அந்த நாட்களில் சுத்தமாக இருக்கிறது. கண்ணும் காதும் திறந்து, மூன்றாவது வாரத்தில் கால் ஊன்றி நடக்கத் தொடங்கியதும், படுக்கும் இடத்தை விட்டுத் தள்ளாடிப் போய்க் கழித்துவிட்டு வருகிறது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. படுக்கையை அசுத்தம் செய்யக் கூடாது என்ற எண்ணம் பிறவியிலேயே இருக்கிறது. எங்கே போக வேண்டும் என்பது மட்டும் பழக்கத்தில் வருவது. காலுக்கடியில் என்ன தட்டுப்படுகிறது என்பதை வைத்து எட்டு ஒன்பது வாரத்தில் அது மனதில் பதிகிறது. மண்ணில் பழகினால் மண்ணைத் தேடும். மொசைக் தரையில் பழகினால் வீடு முழுக்க அதற்குக் கழிப்பிடம்தான்.

ஆகவே நம் வேலை, குட்டி தவறான தரையில் பழக வாய்ப்பே தராமல் இருப்பது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்த சில நிமிடங்களிலும், விளையாட்டின் நடுவிலும் தூக்கிக்கொண்டு வெளியே போக வேண்டும். வயிற்றில் தீனி விழுந்ததும் குடல் அசையத் தொடங்கும், அதனால் அந்த நேரத்தை ஏறக்குறைய முன்கூட்டியே சொல்லிவிடலாம். வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் அத்தனை மணி நேரம் அடக்க முடியும் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். அதுவும் அசையாமல் கிடந்தால். விழித்து ஆடிக்கொண்டிருக்கும் குட்டிக்கு அரை மணிக்கு ஒருமுறைகூட வரும். வெளியே கழித்து முடித்த அந்த நொடியிலேயே, அங்கேயே, ஒரு துண்டு வேகவைத்த கோழியோ இட்லியோ கொடுங்கள். வீட்டுக்குள் வந்த பிறகு கொடுத்தால், உள்ளே வந்ததற்குக் கிடைத்த கூலியாகத்தான் அதற்குத் தெரியும்.

வீட்டுக்குள் போய்விட்டால் சத்தம் போடாமல் துடைத்துவிடுங்கள். ஃபினாயில் ஊற்றுவது நம் மூக்குக்கு மட்டுமே திருப்தி தரும். நாயின் மூக்குக்குப் பழைய வாசம் அதற்கடியிலேயே இருக்கும், அது நக்கும் தரையில் ஃபினாயில் நல்லதும் அல்ல. சிறுநீரைச் சிதைக்கும் என்சைம் கலந்த திரவங்கள் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கின்றன.

மூக்கைப் பிடித்து அதிலேயே தேய்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 'தப்புப் பண்ணிட்டோம்னு அதுக்கே தெரியுது, மூஞ்சியப் பாருங்க' என்பார்கள். காதை மடித்து, கண்ணைத் தாழ்த்தி, வாலை ஒடுக்கி நிற்கும் அந்த முகத்தை அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009-இல் சோதனைக்கு எடுத்துக்கொண்டார். முன்னால் இருக்கும் தீனியைத் தின்னக் கூடாது என்று நாயிடம் சொல்லிவிட்டு உரிமையாளர் வெளியே போவார். திரும்பி வந்ததும், நாய் தின்றுவிட்டது என்றோ தின்னவில்லை என்றோ அவரிடம் சொல்லப்படும். சில தடவை பொய்யாகவே சொல்லப்படும். விளைவு தெளிவாக இருந்தது. நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் தொடர்பில்லை. உரிமையாளர் திட்டினால் அந்த முகம் வந்தது. தப்பே செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. குற்ற உணர்ச்சி என்று நாம் படிப்பது, கோபமாக நிற்கும் ஆளைச் சமாதானப்படுத்தும் முகம். காலையில் போன சிறுநீருக்கு மத்தியானம் அடி வாங்கும் குட்டி, வீட்டுக்கு வரும் ஆளைப் பார்த்துப் பயப்படத்தான் கற்றுக்கொள்கிறது. அப்புறம் சோபாவுக்குப் பின்னால், நாம் பார்க்காத இடமாகத் தேடிப் போகும்.

இந்தப் புகார்களையெல்லாம்விடப் பெரியது ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை, ஏனென்றால் அந்த வயதில் அது கண்ணுக்குத் தெரியாது.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற ஊரில் ஜாக்சன் ஆய்வகம் இருக்கிறது. ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் அங்கே பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்து ஆராய்ந்தார்கள். அவர்களுடைய புத்தகம் 1965-இல் வந்தது. அதற்கு முன், 1961-இல் அந்த ஆய்வகத்திலிருந்து ஃப்ரீட்மன், கிங், எலியட் மூவரும் வெளியிட்ட ஒரு சோதனை இன்றைக்கும் பேசப்படுகிறது. உயரமான வேலி போட்ட ஒரு ஏக்கர் புல்வெளியில் குட்டிகள் தாயோடு வளர்ந்தன. தீனி வைப்பவரைக்கூட அவை பார்க்காதபடி ஏற்பாடு. ஒவ்வொரு வயதிலும் சில குட்டிகளை எடுத்து ஒரு வாரம் மனிதரோடு பழகவிட்டுத் திரும்ப விட்டார்கள். மூன்று வாரத்தில் வந்தவை தயங்காமல் ஆளிடம் வந்தன. ஏழு வாரத்தில் வந்தவை கொஞ்சம் தயங்கி, பிறகு ஒட்டிக்கொண்டன. வயது கூடக்கூடத் தயக்கம் நீண்டது. பதினான்கு வாரம் வரை மனிதரையே தொட்டறியாத குட்டிகளோ காட்டு விலங்குபோல ஒதுங்கின. அதன் பிறகு எவ்வளவு பொறுமையாகப் பழகியும் அந்த மிரட்சி போகவில்லை.

மூன்றாவது வாரத்தில் திறந்து, பன்னிரண்டு முதல் பதினான்காவது வாரத்துக்குள் மெல்லச் சாத்திக்கொள்ளும் ஒரு கதவு. அது திறந்திருக்கும்போது பார்த்ததெல்லாம் குட்டிக்கு இயல்பான உலகம். சாத்திய பிறகு வரும் புதியவை எல்லாம் சந்தேகத்துக்குரியவை. ஹெல்மெட் போட்டவரைக் கண்டால் குரைக்கும் நாய், குடை விரித்தால் கட்டிலுக்கடியில் ஓடும் நாய், தீபாவளிக்கு மூன்று நாள் சாப்பிடாத நாய் இவற்றில் பலவற்றின் கதை அந்த வாரங்களில் பார்க்காமல் கேட்காமல் விட்டவற்றில் தொடங்குகிறது.

சிக்கல் என்னவென்றால், அதே வாரங்களில்தான் குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸும் காத்திருக்கிறது. தடுப்பூசித் தவணைகள் முடியும் முன் தெருவில் இறக்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஊசி முடியும்வரை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால் கதவு சாத்திவிடும். இரண்டுக்கும் நடுவே வழி உண்டு. குட்டியைத் தரையில் விடாமல் மடியில் வைத்துக்கொண்டு தெருமுனையில் உட்காருங்கள். ஆட்டோ, பஸ் ஹாரன், மாடு, சீருடைப் பிள்ளைகள், தாடிக்காரர், ஊன்றுகோல் பிடித்த பாட்டி என்று எல்லாவற்றையும் பத்தே நிமிடம் பார்க்கட்டும். ஒவ்வொன்றுக்கும் வாயில் ஒரு துணுக்குத் தீனி. ஊசி போட்ட, நோயில்லாத நாய் இருக்கும் நண்பர் வீட்டுக்குக் கூட்டிப்போங்கள். வெடிச்சத்தத்தின் பதிவைக் காதில் விழுந்தும் விழாத அளவில் வைத்து, சாப்பிடும் நேரத்தில் ஓடவிட்டு, நாள்போக்கில் ஒலியைக் கூட்டுங்கள். குட்டி ஒடுங்கினால் ஒலியைக் குறைத்துவிட வேண்டும். பயத்தோடு பழக்குவது பழக்குவதே ஆகாது.

செருப்பு விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். நான்காவது மாதம் தொடங்கிப் பால் பற்கள் விழுந்து, ஏழு மாதத்துக்குள் 42 அசல் பற்கள் வருகின்றன. ஈறு ஊறுகிறது. நனைத்து முறுக்கி ஃப்ரீசரில் வைத்த துணி, குளிர்ந்த கேரட், கடைகளில் கிடைக்கும் கெட்டி ரப்பர் பொம்மை எதுவானாலும் சரி. வேகவைத்த எலும்பு மட்டும் வேண்டாம், சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். பழைய செருப்பை விளையாடக் கொடுத்துவிட்டுப் புதுச் செருப்பைத் தொடாதே என்றால் குட்டிக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டிலும் இருப்பது நம் கால் வாசம்.

பேச்சு கேட்பது பற்றி ஒரு நல்ல செய்தி. எமிலி பிரே என்ற ஆய்வாளரின் குழு 2021-இல் 375 எட்டு வாரக் குட்டிகளைச் சோதித்தது. மறைத்து வைத்த தீனியை மனிதர் விரலால் சுட்டிக் காட்டினார். எந்தப் பயிற்சியும் பெறாத குட்டிகள் அந்தச் சுட்டலைப் பின்தொடர்ந்தன. குட்டிக்குக் குட்டி இருந்த வேறுபாட்டில் 40 சதவீதத்துக்கு மேல் மரபுவழி வந்தது. நம் கையைப் படிக்கும் திறமையோடுதான் அது வாசலுக்கு வருகிறது. ஆனால் வீட்டில் ஒருவர் 'சிட்' என்கிறார், இன்னொருவர் 'உட்காரு' என்கிறார், பையன் 'ஏய், ஒக்காருடா' என்கிறான். எல்லாரும் ஒரே கையசைவைப் பிடித்துக்கொண்டால் குட்டி இரண்டே நாளில் பிடித்துக்கொள்ளும்.

வீட்டார் ஒன்றுபோல நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இன்னோர் உதாரணம். சாப்பாட்டு நேரத்தில் குரைக்கும் குட்டிக்கு யாரும் எதுவும் தருவதில்லை என்று குடும்பமே முடிவெடுக்கிறது. முதல் சில நாள் குரைப்பு குறையாமல் கூடும். இதுவரை பலித்த வித்தை ஏன் பலிக்கவில்லை என்று குட்டி இன்னும் உரக்க முயன்று பார்க்கிறது. அது ஓயப்போவதன் அறிகுறி. சரியாக அந்த நாளில் தாத்தா மனசு இளகி ஒரு துண்டு தோசை போட்டுவிட்டால், அவ்வளவு உரக்கக் குரைத்தால்தான் கிடைக்கும் என்பது பாடமாகிவிடும். எப்போதாவது கிடைக்கும் பரிசு எப்போதும் கிடைப்பதைவிட ஆழமாகப் பழக்கத்தை ஊன்றும் என்பது நடத்தை அறிவியலில் நன்கு நிறுவப்பட்ட உண்மை.

ஐந்தாறு மாதத்தில் எல்லாம் படிந்துவிட்டது என்று நினைக்கும்போது எட்டாவது மாதம் வருகிறது. கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன்பாட்டுக்குப் போகும். லூசி ஆஷர் தலைமையில் பிரிட்டனில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், உட்காரச் சொன்னால் எட்டு மாத நாய்கள் ஐந்து மாதத்தில் கேட்ட அளவுக்குக் கேட்கவில்லை. விசித்திரம் என்னவென்றால், வளர்ப்பவர் சொன்னால்தான் இந்த மறதி. அந்நியர் சொன்னால் ஒழுங்காக உட்கார்ந்தன. பருவம் எய்தும் உடம்பில் ஹார்மோன்கள் மாறும் காலம் அது. மனிதப் பிள்ளைகளும் அந்த வயதில் பெற்றோரிடம் மட்டும் முறுக்கிக்கொள்வதை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். பன்னிரண்டாவது மாதத்தில் கேட்கும் குணம் திரும்பிவிட்டது.

'இது தேறாது' என்று நாய்கள் கைவிடப்படுவது பெரும்பாலும் அந்த வயதில்தான். அப்போது புதிதாக எதையும் கற்றுக்கொடுக்கப் போராட வேண்டாம். தெரிந்த இரண்டு மூன்றை மட்டும் தினம் ஐந்து நிமிடம், பாக்கெட்டில் தீனியோடு செய்யவையுங்கள். தெருவில் நீளமான கயிற்றில் நடத்துங்கள். குரலை உயர்த்தாமல் இன்னும் நான்கு மாதம் தாக்குப்பிடியுங்கள்.